பிள்ளைத்தாச்சி வரிசை

ஏழு மணிக்கே வாசலில் கூட்டம். கதவு திறக்க இன்னும் நேரம் இருக்கிறது. மலாக்காவின் ஜாசின் வட்டாரத்தில், செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் குலுங்கிப் போகும் சாலையோரமாக ஓர் அரசாங்கக் கிளினிக். இன்றைக்குப் பிள்ளைத்தாச்சிகளைப் பார்க்கும் நாள். மோட்டாரின் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து வந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்குகிறார்கள். இறங்கியதும் கை தானாக இடுப்புக்குப் போகிறது. புருஷன்மார் மோட்டாரை மரத்தடியில் நிறுத்திவிட்டுக் கைப்பேசியோடு ஒதுங்கிவிடுகிறார்கள். மனைவியோடு உள்ளே வருகிறவர்கள் இரண்டு மூன்று பேர்தான். அவர்களும் நுழைந்த கையோடு சுவரில் ஒட்டியிருக்கும் டெங்கிக் கொசுப் படத்தை வரி விடாமல் படிக்கத் தொடங்குகிறார்கள்.

வீட்டுப் பெரியவருக்கு மாத்திரை வாங்க வந்த எனக்கு இந்த வரிசையில் வேலை கிடையாது. மருந்து முகப்பு நகர ஆரம்பிக்க நேரமாகும். சுவரோரம் ஓர் இருக்கை கிடைத்தது. அங்கிருந்து பதிவு மேசை தெரிகிறது, எடை பார்க்கும் இயந்திரம் தெரிகிறது, ரத்தம் எடுக்கும் அறையின் பாதித் திரை தெரிகிறது. இது போதும்.

ஆசாகான், ஞாலாஸ், செலாண்டார் பக்கத்துத் தோட்டங்களில் இன்னும் இருப்பவர்கள் சிலர். தோட்டம் கைமாறியபோது மலிவு வீடுகளுக்கு வந்து சேர்ந்தவர்களின் மகள்கள், பேத்திகள் சிலர். பத்து பெரெண்டாம் தொழிற்சாலைச் சட்டையோடு ஒருத்தி, இரவு வேலை முடிந்து நேரே வந்திருக்கிறாள். எண் வந்தால் எழுப்பச் சொல்லிப் பக்கத்திலிருந்த மலாய்க்காரம்மாவிடம் சீட்டைக் கொடுத்துவிட்டுத் தூங்குகிறாள். அந்த அம்மா தன் எண்ணை ஒரு கையிலும் இவள் எண்ணை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருக்கிறார்.

பேச்சு ஓடுகிறது. கால் வீக்கம், சோறு இறங்காதது, மாங்காய் விலை, சீனித் தண்ணீர் குடித்து ரெண்டு மணி நேரம் பட்டினியாக உட்கார வைத்தது, போன மாதம் வளைகாப்பில் யார் வரவில்லை, ஏன் வரவில்லை. காலையிலிருந்து மத்தியானம்வரை அந்தக் கூடத்தில் கண் என்ற பேச்சு இரண்டே தடவைதான் எழுந்தது. ஒன்று தாயின் கண்ணைப் பற்றி, மற்றது மை பற்றி. வயிற்றிலிருக்கும் பிள்ளையின் கண்ணைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. ஆனால் அங்கே நடந்த காரியங்களில் பாதி அந்தக் கண்ணுக்காகத்தான் நடந்தது.

எனக்கு எதிரே ஒரு மாமியார், மருமகள். மாமியார் கைலி கட்டி, மேலே தோளில் துண்டு. மருமகளுக்கு இருபது தாண்டியிருக்காது. கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் இளஞ்சிவப்புப் புத்தகம் மாமியாரின் மடியில், பிளாஸ்டிக் பைக்குள். வெளியே எடுத்தபோது பார்த்தேன்: அட்டையில் மைலோக் கோப்பையின் வட்டக் கறை, ஓரங்கள் சுருண்டிருந்தன. அந்த வீட்டில் அது எங்கேயோ பத்திரமாக இல்லை, சாப்பாட்டு மேசையிலேயே கிடக்கிறது என்று அர்த்தம். நல்லதுதான்.

பெயர் கூப்பிட்டதும் இருவருமே எழுந்தார்கள். திரைக்குப் பின்னாலிருந்து மலாய் மிஸ்ஸியின், அதாவது தாதியின், குரல் மலாயும் தமிழும் கலந்து வருகிறது: "கை நீட்டு தங்காச்சி. சிக்கிட் வலி."

"ஏன் இவ்ளோ ரத்தம் எடுக்குறீங்க? ஏற்கெனவே ஒடம்புல ஒண்ணும் இல்ல அவளுக்கு." இது மாமியார்.

"பேபிக்கு, அம்மா."

அதற்கு மேல் விளக்கம் இல்லை. வரிசை நீளம்.

ரத்தம் எடுத்த அந்தக் குழாய்களில் ஒன்று ரத்தச்சோகை இருக்கிறதா என்று பார்க்க. ஒன்று எச்.ஐ.வி.க்கு. ஒன்று மேகநோய்க்கு, டாக்டர்கள் சிஃபிலிஸ் என்பதற்கு. இந்தக் கடைசிப் பெயரைக் கூடத்தில் சத்தமாகச் சொன்னால் மாமியார் மருமகளைக் கூட்டிக்கொண்டு எழுந்து போய்விடுவார். சொல்லாமலிருப்பதே நல்லது என்றுதான் எனக்கும் தோன்றியது. தாய்க்கு அந்த நோய் இருந்து கவனிக்காமல் விட்டால், பிள்ளை நல்ல கண்ணோடு பிறந்து, பள்ளிக்கூடம் போகும் வயதிலோ அதற்கும் பிறகோ கருவிழியில் வெண்மை படர்ந்து பார்வை மங்கலாம். கர்ப்பத்திலேயே கண்டுபிடித்துத் தாய்க்குப் பெனிசிலின் ஊசி போட்டுவிட்டால் காரியம் முடிந்தது. 2018 அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனம், இந்த இரண்டு நோயும் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போவதை ஒழித்த நாடு என்று மலேசியாவுக்குச் சான்று கொடுத்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அதைப் பெற்ற முதல் நாடு. கோலாலம்பூரில் கைதட்டியிருப்பார்கள். வேலை நடந்தது இந்தப் பாதித் திரைக்குப் பின்னால்.

மருமகள் பஞ்சை முழங்கை மடிப்பில் அழுத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மிஸ்ஸி பின்னாலேயே வந்து ஒரு கேள்வி கேட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு போனார். ஊசிகளைப் பற்றிய கேள்வி. சின்ன வயதில் எல்லாம் போட்டாச்சா? மருமகள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார், "அவங்கம்மாவத்தான் கேக்கணும்" என்றார்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1941இல் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் டாக்டரிடம், கண்புரையோடு பிறந்த பிள்ளைகள் வழக்கத்துக்கு மாறாக நிறைய வந்தன. அவருடைய கூடத்தில் காத்திருந்த தாய்மார் தங்களுக்குள் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது என்பார்கள்: உண்டாகியிருந்த சமயத்தில் உனக்கும் அந்த அம்மை வந்ததா, எனக்கும் வந்தது. ஜெர்மன் அம்மை, ருபெல்லா. பெரியவர்களுக்கு வந்தால் லேசான சுரமும் சிவப்புத் தடிப்பும், அவ்வளவுதான். கருவின் முதல் மாதங்களில் வந்தால் பிள்ளையின் கண், காது, இதயம் மூன்றையும் தொடும். கிரெக் சேர்த்துப் பார்த்த 78 பிள்ளைகளில் 68 பேரின் தாய்மாருக்கு அது வந்திருந்தது. மற்ற டாக்டர்கள் உடனே நம்பிவிடவில்லை. பெண்கள் பேச்சை வைத்து ஒருவன் கட்டுரை எழுதினால் யார் நம்புவார்கள்? காத்திருக்கும் கூடத்துப் பேச்சை வெட்டிப்பேச்சு என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த மனிதர் ஞாபகம்தான் வரும்.

மலேசியாவில் 1980களின் பிற்பகுதியிலிருந்து ஆறாம் ஆண்டு மாணவிகளுக்கு ருபெல்லா ஊசி போட்டார்கள். இந்தக் கூடத்தில் முப்பத்தைந்தைத் தாண்டியிருப்பவர்கள் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் வரிசையில் நின்று, சட்டைக் கையைச் சுருட்டி, கண்ணை இறுக மூடிப் போட்டுக்கொண்டவர்கள். பன்னிரண்டு வயதில் அது எதற்கென்று ஒருத்திக்கும் தெரிந்திருக்காது. 2002இலிருந்து கைக்குழந்தைகளுக்கே தட்டம்மை ஊசியோடு சேர்த்துப் போடுகிறார்கள். எதிரிலிருக்கும் இந்த மருமகள் அந்தக் கணக்கில் வருகிறவள்.

பதிவு மேசையில் ஒரு சலசலப்பு. சலசலப்பு என்றால் சத்தமில்லை, சத்தம் திடீரென்று தாழ்ந்தது. ஒரு பெண். பதினெட்டு, பத்தொன்பது. சட்டை வயிற்றில் இறுகியிருக்கிறது, ஆறாவது மாதம் இருக்கலாம். குமாஸ்தா ஐ.சி., அடையாள அட்டை, கேட்கிறார். அவள் நாலாக மடித்த ஒரு காகிதத்தைப் பிரித்துக் கொடுக்கிறாள். அம்மாவின் ஐ.சி.யுடைய நகல். "உன்னோடது?" அவள் தலையை மட்டும் அசைக்கிறாள். தோட்டத்து வீட்டில் பிறந்து, பதிவு செய்யாமல் விட்டு, அப்பா அம்மாவின் கல்யாணமும் கோவிலோடு நின்றுபோய், நாலு தலைமுறை இந்த மண்ணிலேயே இருந்தும் காகிதம் இல்லாதவர்கள் இந்த நாட்டில் எத்தனையோ பேர். காகிதம் இல்லையென்றால் வெளிநாட்டுக்காரர் கட்டணம். குமாஸ்தா மோசமானவர் இல்லை. விதியைச் சொல்லிவிட்டு, எந்த அலுவலகத்துக்குப் போய் யாரைப் பார்க்கலாம் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியும் கொடுத்தார். அவள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து அந்தத் துண்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே போராட்டம். ஊசி எங்கே போட்டிருப்பாள்? ரத்தப் பரிசோதனை, ருபெல்லா, பெனிசிலின் என்று நான் மேலே எழுதியது எல்லாமே இவளைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகிறது. சற்று நேரம் கழித்துத் திரும்பினேன். பெஞ்சு காலி.

பத்து மணிக்கு மேல் இன்னொருத்தி. நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள், பட்டை இறுகியது, தளர்ந்தது. மிஸ்ஸி எண்ணைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்ப இறுக்கினார். பிறகு வேறு இயந்திரத்தைக் கொண்டுவந்தார்.

"தலைவலி இருக்கா? கண்ணு மங்குதா? மின்னல் மாதிரி ஏதாச்சும் தெரியுதா?"

"இல்ல மிஸ்ஸி."

"உண்மையா?"

"நேத்து ராத்திரி கொஞ்சம். தூக்கம் இல்லாததுன்னு நெனச்சேன்."

புத்தகத்தின் அட்டையில் இருந்த பச்சை ஒட்டுச்சீட்டின் மேல் சிவப்புச் சீட்டு விழுந்தது. வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு: நாலு நிறம். வெள்ளை என்றால் மிஸ்ஸியே பார்த்துக்கொள்வார். பச்சை, மஞ்சள் என்றால் டாக்டர், அதற்கும் மேலே. சிவப்பு என்றால் வீட்டுக்குப் போகவே கூடாது, ஆம்புலன்ஸ். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத மாமியாருக்கும் இந்தச் சிவப்பு புரியும். அதுதான் அதன் அழகு. பெரிய படிப்பு படித்தவர்கள் யோசித்த விஷயங்களில் இப்படிக் கைக்கு அடக்கமாக வந்து சேர்ந்தது குறைவு.

அவளுக்கு முதல் கவலை, மூத்தவன் ஒரு மணிக்குப் பள்ளி விட்டு வருவான், வீடு பூட்டியிருக்கும் என்பது. இரண்டாவது கவலை, அடுப்பில் வைத்திருக்கும் பருப்பு. ஏழு மாதத்துப் பிள்ளையை முன்கூட்டியே எடுக்க வேண்டி வரலாம் என்று மிஸ்ஸி சொன்னது மூன்றாவதாகத்தான் உள்ளே இறங்கியது. இறங்கிய அந்த நொடி தெரிந்தது. புருஷனை மரத்தடியிலிருந்து கூப்பிடப் போனவர்கள் ஓடினார்கள்.

கூடத்தின் மறுபக்கம் கைக்குழந்தைகளுக்கு ஊசி. பிறந்து இரண்டு மாதமான பிள்ளை ஒன்று, நெற்றியில் பெரிய பொட்டு, கன்னத்தில் ஒரு பொட்டு, இரண்டு கண்ணிலும் இமையோரம் கெட்டியாக மை. மிஸ்ஸி பஞ்சை நனைத்தார். உள் மூலையிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு இழுப்பு. பஞ்சு கருத்தது. வேறு பஞ்சு, மறு கண்.

"எங்க காலத்துல எல்லாருக்கும் போட்டோம். யாருக்குக் கண்ணு போச்சு?" என்றார் பாட்டி.

மிஸ்ஸி பதில் சொல்லவில்லை. மருமகளிடம் மட்டும் கேட்டார், பிறந்த வாரத்தில் கண்ணில் பீளை கட்டியதா, இமை ஒட்டிக்கொண்டதா, தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விட்டீர்களா என்று. மருமகள் பாட்டியைப் பார்க்காமல் "இல்ல" என்றாள். அந்த "இல்ல"வை மிஸ்ஸியும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. பிரசவமாகி வீட்டுக்குப் போன பிறகு மிஸ்ஸிகள் வீடு தேடி வருவது தொப்புள் பார்க்க, மஞ்சள் பார்க்க மட்டுமல்ல, இந்தப் பீளையைப் பார்க்கவும்தான். பிறப்பு வழியில் தாய்க்கு வெட்டை நோய்த் தொற்று இருந்தால் அது பிள்ளையின் கண்ணுக்கு ஏறும். சில நாளில் கருவிழியைக் கரைத்துவிடும். 1880 வாக்கில் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் கார்ல் கிரெடே என்ற டாக்டர், பிறந்தவுடன் ஒவ்வொரு பிள்ளையின் கண்ணையும் துடைத்து வெள்ளி நைட்ரேட் கரைசலை ஒரு சொட்டு விட்டார். அங்கே நூற்றுக்குப் பத்துப் பிள்ளைக்கு இருந்த கண் சீழ், ஒன்றுக்கும் கீழே இறங்கியது. ஒரு சொட்டுதான்.

பாட்டியின் கேள்வி நியாயமான கேள்வி, அதை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. யாருக்குக் கண் போனது?

விடை கிடைத்தது வேறோர் இடத்தில்: ஆசாகான் பக்கம் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோவில். வெள்ளிக்கிழமை சாயங்காலப் பூசைக்கு இப்போதும் பழைய ஆட்கள் பட்டணத்திலிருந்து வந்து சேர்கிறார்கள். தொழிலாளர் லயங்களில் பாதி இடிந்துவிட்டது, மீதியில் வங்காளதேசத்துப் பையன்களும் இந்தோனேசியர்களும். பூசை முடிந்து திண்ணையில் மூன்று கிழவிகள் சுண்டலைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அதில் ஒருவர் ஒரு காலத்தில் ஆயாக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர். பேச்சு பேரப்பிள்ளைக்கு வாங்கும் பால்மாவு விலையில் தொடங்கி எங்கேயோ போயிற்று.

"இருட்டோட பெரட்டுக்குப் போவாளுங்க. பிள்ளைய என் மடியில போட்டுட்டு ஓடுவாளுங்க. நான் டின் பால கரைச்சுக் குடுப்பேன், எங்கம்மாவும் அப்படித்தான் குடுத்தா. மத்தியானம் மரத்துப் பால ஊத்திட்டு வர்றப்ப அவளுங்க ரவிக்கை நனஞ்சிருக்கும். அதுக்குள்ள புள்ள தூங்கிப்போயிருக்கும்."

"சீம்பால பீச்சிக் கீழ ஊத்தச் சொல்லுவாங்க அப்ப," என்றார் இன்னொருவர். "மொதப் பாலு மந்தம்னு."

"பொழுது சாஞ்சா செவுத்தத் தடவிக்கிட்டு நடக்குமே சிலது. வயித்துப் புள்ளக்காரிகளுக்கே மாலக்கண்ணு வரும். ஆட்டு ஈரலச் சுட்டுக் குடுத்தா நின்னுடும். ஈரலுக்கு எங்க போறது? முருங்கக் கீரதான்."

எந்தப் புத்தகமும் படிக்காமல் அந்தத் திண்ணையில் வைட்டமின் ஏயின் கதை முழுக்கச் சொல்லி முடிந்துவிட்டது. ஈரலில் அது இருக்கிறது, முருங்கைக் கீரையில் அதற்கான சத்து இருக்கிறது, கொட்டிவிட்ட சீம்பாலில் நிறைய இருந்தது. கொழுப்பு எடுத்த பாலைக் காய்ச்சிச் சீனி போட்ட டின்னில் இல்லை, ஏனென்றால் அந்தச் சத்து கொழுப்போடு ஒட்டிப் போவது. வயிற்றிலிருக்கும்போது தாய்க்கே பற்றாக்குறை, பிறந்ததும் சீம்பால் இல்லை, பிறகு டின் பால், நடுவில் ஒரு தட்டம்மையோ வயிற்றுப்போக்கோ வந்தால் போதும், கருவிழி உலர்ந்து உருகிவிடும். 1936இல் மலாயாவுக்கு வந்த சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர் இதைத்தான் பார்த்தார். செவிலி உடுப்புப் போட்ட பெண்களை வீடு வீடாக அனுப்பி டின் பால் விற்றார்கள் என்று அவர் சொன்னார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்று தலைப்பு வைத்தே பேசினார். அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் ஒரு பால் கம்பெனியின் ஆள். சாப்பாடு எப்படி இறங்கியதோ.

மலாக்காவில் இருப்பவர்களுக்கே தெரியாத ஒன்று உண்டு. பினாங்கில் இருக்கும் செயின்ட் நிக்கலஸ் பார்வையற்றோர் இல்லம் முதலில் தொடங்கியது மலாக்காவில்தான், 1926இல், ஆங்கிலிக்கன் திருச்சபையின் கையால். டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் இந்த நாட்டின் முதல் ரப்பர்த் தோட்டத்தைப் போட்டது 1896இல், பிறகு புக்கிட் ஆசாகானில் பெரிதாக. முப்பது வருடத்தில் இரண்டும் இதே மாநிலத்தில். ஒன்றால்தான் இன்னொன்று என்று சொல்ல நான் ஆள் இல்லை. இரண்டு வருடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அவ்வளவுதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு கம்பத்துக்குக் கம்பம் பிரசவ மிஸ்ஸிகளுக்கு வீட்டோடு கூடிய கிளினிக்குகள் எழுந்தன. பழைய மருத்துவச்சிகளைத் துரத்தாமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழக்கினார்கள். 1950இல் லட்சம் பிரசவத்துக்கு ஐந்நூறு தாய்மாருக்கு மேல் இறந்த நாடு, 1990களில் ஐம்பதுக்குக் கீழே வந்துவிட்டது. எப்படி என்று இந்திரா பத்மநாதனும் அவரோடு சேர்ந்தவர்களும் 2003இல் உலக வங்கிக்காக எழுதினார்கள். மலேசியாவையும் இலங்கையையும் சேர்த்து வைத்துப் பேசும் நூல் அது. தோட்டம் மட்டும் கொஞ்சம் பின்தங்கியே வந்தது. அது தனியார் நிலம், அங்கே வைத்தியம் முதலாளியின் பாடு, தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசரின் பாடு. கம்பத்து மிஸ்ஸியின் சைக்கிள் தோட்டத்து கேட்டோடு திரும்பிவிடும்.

கோவிலைச் சுற்றி இப்போது ரப்பர் இல்லை, செம்பனை. ஒரு குலையிலிருந்து உதிர்ந்த பழத்தை நகத்தால் கீறினால் விரலில் ஒட்டும் அந்தச் செம்மஞ்சள்தான் வைட்டமின் ஏக்கான சரக்கு, கேரட்டை விடவும் கூடுதலாக. ஆலையில் வெளுத்து, வாடை நீக்கி, தெளிவாக்கி, பாக்கெட்டில் அடைத்து அந்தச் சிவப்பை எடுத்துவிடுகிறார்கள். குலை வெட்டியவன் வீட்டுக்கு வருவது வெளுத்த எண்ணெய். கிழவி சொன்ன முருங்கை மட்டும் இடிந்த லயத்தின் பின்னால் யாரும் நடாமலே தழைத்து நிற்கிறது.

மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியின் கண் பிரிவில் ஒரு செவ்வாய்க்கிழமை. வீட்டுப் பெரியவருக்குக் கண்புரை, அவரோடு உட்கார்ந்திருந்தேன். எங்கள் வரிசை எல்லாம் வழுக்கைத் தலையும் நரைத்த கொண்டையும். அதற்கு நடுவில் ஒரு பிள்ளை. பிள்ளை என்று சொல்லத் துணியைப் பிரித்துப் பார்க்க வேண்டும், அத்தனை சிறிசு. தாய்க்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். பக்கத்தில் பாட்டி, கையில் பால் புட்டிப் பை, ஃபிளாஸ்க், மூன்று துண்டு. அப்பா நின்றுகொண்டே இருந்தார், தோட்டத்து பூட்சை மாற்றாமல்.

மிஸ்ஸி வந்து பிள்ளையின் இரண்டு கண்ணிலும் சொட்டு விட்டார். கொஞ்ச நேரத்தில் மீண்டும். பிறகு மீண்டும். கண்ணின் பாவை விரிய வேண்டும். பிள்ளை முதல் தடவை முகத்தைச் சுளித்தது, இரண்டாவது தடவை அழுதது, மூன்றாவது தடவை மிஸ்ஸியின் காலடிச் சத்தத்துக்கே அழுதது. பாட்டி அதைப் பார்த்து, "கெட்டிக்காரி, அதுக்குள்ள ஆளத் தெரிஞ்சுக்கிட்டா" என்றார். தாய் சிரிக்கவில்லை.

கருவில் நாலாவது மாதம் தொடங்கி, விழித்திரையில் ரத்தநாளங்கள் நடுவிலிருந்து ஓரத்துக்குப் படரும். ஓரம்வரை போய்ச் சேரப் பத்து மாதமும் வேண்டும். ஏழு மாதத்தில் பிறந்துவிட்டால் அவை பாதி வழியில் நிற்கும். வெளியே வந்த பிள்ளைக்கு மூச்சு முட்டும், ஆக்சிஜன் கொடுப்பார்கள். அது அளவு மீறினால் வளர்ச்சி நின்று, பிறகு கண்டபடி கொடி ஓடி, விழித்திரையையே இழுத்துக் கழற்றிவிடும். 1940களில் அமெரிக்காவின் நல்ல நல்ல ஆஸ்பத்திரிகளில், உயிரைக் காப்பாற்றிய அதே ஆக்சிஜனால் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குக் கண் போனது. 1950இல் குறைமாதத்தில் பிறந்த பாடகர் ஸ்டீவி வண்டரும் அப்படிப் பார்வை இழந்தவர்தான். 1951இல் மெல்பர்னில் கேட் கேம்பெல் என்ற டாக்டர் ஆக்சிஜன் மேல் விரலை நீட்டினார். இப்போது பிள்ளையின் பாதத்தில் ஒரு சின்ன விளக்கைக் கட்டி, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறார்கள். குறைமாதம் ஆகப்போகிறது என்று தெரிந்தால் தாய்க்கே முன்கூட்டி ஸ்டீராய்டு ஊசி, பிள்ளையின் நுரையீரல் முதிர. நுரையீரல் முதிர்ந்தால் ஆக்சிஜன் தேவை குறையும். ஜாசின் கிளினிக்கில் சிவப்புச் சீட்டை அவ்வளவு அவசரமாக ஒட்டியது தாயின் உயிருக்காக. ஊசி வேலை செய்ய நேரம் கிடைத்தது அதோடு சேர்ந்து பிள்ளைக்கு.

மலேசியாவில் ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே, அல்லது 32 வாரத்துக்கு முன்னால் பிறந்த பிள்ளை என்றால் நாலிலிருந்து ஆறு வாரத்துக்குள் கண்ணைப் பார்த்தாக வேண்டும். நாளம் ஓரம் சேரும்வரை மறுபடியும் மறுபடியும். கெட்ட கொடி ஓடத் தொடங்கினால் சில நாளுக்குள் லேசர். அந்தச் சில நாளைத் தவறவிட்டால் பார்வையைக் காப்பாற்றுவது மிகவும் கஷ்டம்.

கதவு திறந்தபோது உள்ளே தெரிந்தது: தலையில் விளக்கு மாட்டிய பெண் டாக்டர், பச்சைத் துணியில் கைகால் அடங்கச் சுற்றிய பிள்ளை, இமையை விலக்கிப் பிடிக்கும் ஒரு சின்னக் கம்பி, நாக்கில் ஒரு சொட்டு சீனித் தண்ணீர். கதவு மூடிக்கொண்டது. அழுகை வந்தது. வெளியே நரைத்த தலைகள் எல்லாம் பேச்சை நிறுத்திவிட்டன. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே வந்த டாக்டர் பாட்டியிடம் தமிழிலேயே சொன்னார். "இன்னிக்கு லேசர் வேணாம். ஆனா ஓரம் இன்னும் வரல. அடுத்த செவ்வாய் கண்டிப்பா."

"ரெண்டு வாரம் கழிச்சு வரலாமா டாக்டர்?" என்றார் அப்பா. "போன வாரம் லீவு, இந்த வாரம் லீவு. கிராணி முகத்தப் பார்க்க முடியல."

"அடுத்த செவ்வாய், அண்ணே."

அவர் வாதாடவில்லை. தாய் அட்டையை வாங்கித் தேதியைப் பார்த்தாள். மோட்டாரில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் வரக் கூடாது, பஸ் இரண்டு மாற வேண்டும், கிரேப் காடி தோட்டத்துக்குள் வராது. இது எல்லாம் அவள் சொல்லவில்லை, வாசலில் வேன்காரரோடு பாட்டி பேசியதிலிருந்து தெரிந்தது.

"எண்பது வெள்ளி, ஆச்சி."

"போன வாட்டி எழுபதுதானே வாங்குன?"

"போன வாட்டி ஒரு மணி நேரத்துல முடிஞ்சிச்சி லா. இன்னிக்கு எத்தன மணி நேரம் நின்னேன் பாருங்க. கார் நிறுத்துற காசு வேற."

"ஊசியா போட்டாங்க, ஒடனே முடிய? சொட்டு மருந்து விட்டு விட்டுக் காத்திருக்கணும். புள்ளக் கண்ணுடா இது."

"சரி ஆச்சி, எழுபத்தஞ்சு. ஆறு மணிக்கு வாசல்ல ரெடியா நிக்கணும், சொல்லிட்டேன்."

"அஞ்சே முக்காலுக்கே நிப்போம். நீ தூங்கிடாத," என்ற பாட்டி, ரவிக்கைக்குள்ளிருந்து சுருட்டிய நோட்டை எடுத்து, முன்பணமாக இருபது வெள்ளியை அவர் கையில் வைத்து அழுத்தினார்.